மனுவில் இருந்த மகள்

"மக அங்கனதான் இருக்காளா? இத மொதல்லயே சொல்லப்படாதா தம்பி?"

மனு எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொழும்புக்குப் போகப் பெர்மிட் வேண்டும் என்று தூத்துக்குடி ஆபீஸ் வாசலில் கூடிக் கிடந்த கூட்டத்தில் நாங்களும் இரண்டு பேர், அவ்வளவுதான். இப்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து அவர் சிரிக்கவே செய்தார்.

"ஆமாய்யா. எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம். மூணு வயசு முடிஞ்சிருக்கு."

"பொறந்தது?"

"அங்கனதான்."

"பெறவு என்ன? கெட்டியான பிடியில்லா வச்சிருக்கீரு! தொழிலு அங்கன, பெத்த பிள்ளை அங்கன. பேறுகாலத்துக்குப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்த மனுசன் திரும்பிப் போணும்னு கேக்காரு. இதுல தப்பு சொல்ல என்ன இருக்கு? நான் எழுதுற விதத்துல எழுதுதேன்."

நான் கைக்குழந்தையோடு சுவரை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையை விட்டுவிட்டு வந்ததை ஒரு நல்ல காரியம் போல ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. ஊரில் அதுவரை எல்லாரும் என்னை ஏசித்தான் இருந்தார்கள்.

விட்டுவிட்டு வரவேண்டும் என்று வந்தவள் இல்லை நான். எங்களுக்கு உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர். என் வீட்டுக்காரர் மீசை முளைக்குமுன்பே கொழும்பில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனவர். கல்யாணம் முடிந்து, உலகச் சண்டை ஓய்ந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொட்டாஞ்சேனையில் பல குடும்பங்கள் அறை அறையாகக் குடியிருந்த ஒரு வளவுக்குள் எங்களுக்கு ஒரு அறை. எதிர் அறையில் அவருடைய அக்கா, எனக்கு மதினி, தன் புருஷனோடு இருந்தாள். மதினிக்குப் பிள்ளை இல்லை. மகள் பிறந்தபோது எனக்கு உயிர் போய்த்தான் வந்தது. அதனால் இரண்டாவது பேறு ஊரில்தான் நடக்கவேண்டும் என்று என் அம்மா ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பினாள்.

பெட்டி கட்டி வைத்த பிறகு மகளுக்கு உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டுவிட்டது. கப்பல் ஏறுமுன் டாக்டர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். மேலெல்லாம் சிவந்து தடித்த பிள்ளையைக் கண்டால் குடும்பத்தையே நிறுத்திவிடுவார். எனக்கோ மாதம் நெருங்கிவிட்டது. இந்தக் கப்பலை விட்டால் அப்புறம் என்னை ஏற்ற மாட்டார்கள்.

"எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றாள் மதினி. "நான் பாத்துக்கிட மாட்டேனா? பிள்ளையப் பெத்து எடுத்துட்டு வெரசலா வந்து சேரு."

வேப்பிலை பரப்பிய பாயில் மகள் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தாள். நான் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் வந்தேன். சொன்னால் அழுது காய்ச்சலைக் கூட்டிக்கொள்வாள் என்று மதினிதான் தடுத்தாள்.

மகன் பிறந்தான். எனக்கு உடம்பு தேறுவதற்குள் சட்டம் மாறிவிட்டது. எங்கள் பனங்காட்டுக்குள் அது யாருக்கும் தெரியாது. கருப்பட்டிச் சிப்பம் ஒன்று, மதினிக்குக் கருவாடு, மகளுக்கு ஒரு சீட்டிப் பாவாடை எல்லாம் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து, கப்பல் ஆபீசில் டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்தது.

"பெர்மிட் இருக்கா?" என்று கேட்டார் கம்பிக்குள் இருந்தவர்.

"என்ன பெர்மிட்டு? எத்தனையோ தரம் போயி வந்திருக்கேனே."

"அதெல்லாம் அப்போ. இப்ப அது வேற தேசம், இது வேற தேசம். பெர்மிட் இல்லாம ஒரு ஆளையும் ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு."

என் வீட்டுக்காரர் நகராமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் "தள்ளுங்க அண்ணாச்சி" என்று தோளைத் தொட்டு ஒதுக்கினார்கள். கொழும்புக் கடையில் பட்டுச் சேலையை உதறி விரித்தால் வெள்ளைக்காரச்சிகூட நின்று பார்த்துவிட்டுப் போவாள், அப்படிப்பட்ட கை. அந்தக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

ஊருக்குத் திரும்ப அவர் சம்மதிக்கவில்லை. போனால் "என்ன, கப்பல் ஏத்தலியாமே" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தூத்துக்குடியிலேயே கடற்கரைப் பக்கம் ஒரு பரதவர் வீட்டில் பின்கட்டு அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வீட்டுக்காரம்மா புருஷனை இழந்தவள். காலையும் மாலையும் மாதா கோயிலுக்குப் போவாள். அவள் மகன் சங்கு குளிக்கப் போகிறவன். முத்துக்குளிப்பு நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது சங்குதான் சோறு போடுகிறது என்று அவள் சொல்வாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் உப்பு ஏற்றுகிற இடத்தில் மூடை எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தார். ஆள் வராத நாளில் மூடையும் தூக்குவார். சீக்கிரமே விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தாலே எரிந்தது. வேலை இல்லாத நேரமெல்லாம் பெர்மிட் ஆபீஸ். முதலாளி கடிதம் கொண்டு வா என்பார்கள். கடிதம் வந்தால் போட்டோ சரியில்லை என்பார்கள். போட்டோ எடுத்தால் அங்கே குடியிருந்த வீட்டுக்கு அத்தாட்சி என்பார்கள். ஒவ்வொன்றையும் கொழும்புக்கு எழுதி, வந்துசேரக் காத்திருந்து, கொண்டுபோய்க் கொடுப்போம். போகும்போதெல்லாம் மனு எழுதுகிறவர் உற்சாகமாகத்தான் பேசுவார். "பிள்ளை அங்கன இருக்க வரைக்கும் ஒமக்குக் கவலையில்ல."

மதினியிடமிருந்து வரும் கடிதங்களில் மகளைப் பற்றி இருக்கும். குணமாகிவிட்டாள். முடி வெட்டிவிட்டிருக்கிறது. பக்கத்து அறைச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடுகிறாள், அவர்கள் பேச்சும் பேசுகிறாள். முதலில் வந்த கடிதங்களில் "அம்மா எங்கே என்று கேட்கிறாள்" என்று இருந்தது. பிறகு அந்த வரி இல்லை. நான் அதைத் தேடிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "சொகமா இருக்கான்னு எழுதியிருக்கால்லா, பெறவு என்ன?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர் எங்கள் அறையைத் தேடி வந்தார். கொழும்பில் எங்கள் கடைக்கு அடுத்த கடைக்காரர். அவர்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுவது போல என் வீட்டுக்காரரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் பெர்மிட் இருந்ததால் போய் வந்துகொண்டிருந்தார்.

"அடுத்த தடவ ஊருக்கு வாறப்ப எம் பொண்டாட்டி பிள்ளைகளும் வாறாங்க" என்றார். "எங்களோட ஒம்ம மகளயும் கூட்டியாந்திருதேன். தாயப் பிரிஞ்சு பிள்ளை எத்தன நாளைக்கு அங்கன கெடக்கும்?"

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"வேண்டாம் காக்கா. இன்னும் கொஞ்ச நாளு. நாங்களே வந்திருவோம்."

அவர் போனபிறகு நான் கேட்டேன். "ஏன் வேண்டாம்னீங்க?"

"ஏளா, அவ இங்க வந்துட்டா நமக்கு அங்கன என்ன இருக்கு? மனுவக் கிழிச்சுப் போட்டுட்டு உப்பு மூடை தூக்க வேண்டியதுதான்."

"தூக்குவோம். நானும் தூக்குதேன்."

"ஒனக்கென்ன தெரியும்? அந்தக் கடையில நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா? இன்னும் கொஞ்ச நாளுல எனக்கும் ஒரு பங்கு தாரேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. எல்லாத்தையும் விட்டுட்டு இங்கன வந்து சாவணுமா?"

"அவ புள்ளையா, இல்ல அடகு வச்ச பாத்திரமா?"

அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. வெளியே போய்விட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கை ஓங்கியது அந்த ஒரே தடவைதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. மகள் என்றால் அவருக்கும் உயிர். கொழும்பில் கடை விட்டு வந்ததும் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடப்பார். அந்த வாழ்க்கை அப்படியே திரும்பக் கிடைக்கும், அதற்கு எல்லாரும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று அவர் நம்பினார்.

மறுநாள் நான் தனியாகவே மனு எழுதுகிறவரிடம் போனேன். மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் மனு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒளிக்காமச் சொல்லுதேம்மா. கடையில வேல பாத்தேன், திரும்பப் போணும்னு ஆயிரம் பேரு எழுதிக் குடுத்திருக்கான். ஒங்க மனு மத்ததவிட ஒரு படி மேல நிக்கிதுன்னா அந்தப் பிள்ளையாலதான். அவள எடுத்துட்டா மிச்சம் ஒண்ணுமில்ல."

நடந்து வந்த வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. இனி மகளிடம் நானே போகவேண்டியதுதான் என்று மட்டும் தோன்றியது.

பெர்மிட் இல்லாதவர்கள் கள்ளத்தோணியில் போவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிடிபட்டவர்களைச் சிறையில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பிடிபடாதவர்கள் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா என்பது சேதி வந்தால்தான் தெரியும். வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். முதலில் மாதாவின் பேரைச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. கடைசியில், தெற்கே ஒரு குப்பத்தில் தன் சொந்தக்காரன் ஒருவன் இருப்பதாகச் சொல்லி, தானே கூட வந்தாள். என் வீட்டுக்காரர் உப்பு ஏற்றப் போயிருந்தார். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாற்றுச் சேலை ஒன்றை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

நல்ல வெயில். மணலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆள் ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டான். பிறகு என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தான்.

"கைப்பிள்ளைய ஏத்த மாட்டேன்."

"பால் குடிச்சா தூங்கிருவான்" என்றேன்.

"அலை எடுத்து அடிக்கப்ப எந்தப் பிள்ளை தூங்கும்? அந்தக் கரைக்குக் கிட்ட போகையில இது வாயத் தொறந்து கத்துச்சுன்னா அத்தன பேரும் மாட்டுவோம். போன தடவ ஒருத்தி பிள்ளை வாயப் பொத்துனா." அவன் அதற்குமேல் சொல்லவில்லை. கயிற்றை முறுக்கிக்கொண்டே, "பிள்ளைய இங்கன யாருகிட்டயாவது விட்டுட்டு வாங்க. ஒங்கள ஏத்துதேன்" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் வச்சுக்கிடுதேன் தங்கச்சி. புட்டிப் பால் குடுத்துப் பாத்துக்கிடுவேன்" என்றாள். மதினி சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். அவள் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் மகனைக் கீழே இறக்கிவிடவில்லை. இடுப்பில் இன்னும் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, "வாங்கக்கா, போவோம்" என்றேன்.

அன்று மாலை என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது. அக்காதான் சொன்னாள். எனக்கு முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு வைத்தேன். சாப்பிட்டார். கை கழுவின பிறகு, "நீ போயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இலங்கை அரசாங்கத்து அதிகாரி ஒருவர் நேரில் விசாரிக்க வந்திருக்கிறார் என்று பிறகு ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் கொழும்பில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். உடம்பு இளைத்துப் போனதால் அது தோளில் தொங்கியது. நான் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். அதிகாரி இங்கிலீஷில் கேட்க, ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னார். தொழில், சம்பளம், முதலாளி எல்லாம் கேட்டு முடிந்தது. பிறகு மனுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பிள்ளை யாரோட இருக்கு?"

"எங்க அக்காவோட."

"அப்பா இங்கே, அம்மா இங்கே. பிள்ளை எந்தப் பெர்மிட்டில் அங்கே இருக்குன்னு கேக்கிறார்."

என் வீட்டுக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. "அது அங்கனதான பொறந்துச்சு" என்றார்.

குமாஸ்தா அதைச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாகவோ கேலியாகவோ இல்லை; காய்கறி எடை பார்க்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "பிறந்தால் மட்டும் போதாதுங்கிறார்" என்றார் குமாஸ்தா. அதிகாரி சிவப்பு மையில் என்னவோ எழுதினார்.

பெர்மிட் வந்தது. என் வீட்டுக்காரருக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு. எனக்கும் மகனுக்கும் இல்லை. மகளை இந்தியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கொழும்பில் மதினி வீட்டுக்கு ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மனு எழுதுகிறவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படித் திருப்பிவிடுவானுவன்னு நான் நெனைக்கலியே" என்றார். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் போனார். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது; கடலுக்குள் வெகுதூரத்தில் நிற்கும், லாஞ்சில்தான் கொண்டுபோய் ஏற்றுவார்கள். லாஞ்சு கிளம்பும்போது அவர் கையை உயர்த்தினார். மகன் அவருடைய கோட்டுப் பித்தான் ஒன்றைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தான்.

மகள் வந்தது காயல்பட்டணத்து வியாபாரியின் குடும்பத்தோடுதான். நானும் அக்காவும் லாஞ்சு வந்து நிற்கும் கடல்பாலத்தில் காத்திருந்தோம். லாஞ்சிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். முட்டிக்கு மேலே கவுன் போட்ட, முடி வெட்டிய ஒரு பெண்குழந்தை வியாபாரியின் மனைவி போர்த்தியிருந்த துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தாண்டிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தா நிக்காளே ஒம் மக" என்று அந்தம்மா சொன்ன பிறகுதான் கீழே பார்த்தேன். அவ்வளவு வளர்ந்திருந்தாள்.

நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் துப்பட்டிக்குள் போய்விட்டாள்.

"அம்மாட்ட போம்மா" என்றார்கள்.

"அம்மா வரல" என்றாள் அவள். "அம்மா அங்க நின்னு அழுதாங்க. என்னய நாளைக்குக் கூப்பிட வாரேன்னாங்க."

அவள் சொன்னது மதினியை.

அறைக்கு வந்தும் அவள் பெட்டிமேல்தான் உட்கார்ந்திருந்தாள். சோறு வேண்டாம் என்றாள். நான் எடுத்து வைத்திருந்த சீட்டிப் பாவாடை அவள் இடுப்புக்கு ஏறவில்லை. தம்பியைக் காட்டினேன்; "இது யாரு பாப்பா?" என்று கேட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் சிங்களத்தில் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் கொடுத்தேன். அது ஒன்றுதான் எங்களுக்குள் தடையில்லாமல் நடந்தது.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்பது அவளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. கூப்பிடாமலே வந்து முன்னால் நிற்பாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "இவங்களச் சின்னம்மான்னு கூப்பிடு. கொழும்புல இருக்கவங்க பெரிய அம்மா, இவங்க சின்னம்மா. சரியா?" என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைக்கு அது நிம்மதியாக இருந்தது. உடனே கூப்பிட்டாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சரியாகவில்லை. விவரம் தெரிந்து, எல்லாம் புரிந்த பிறகும் வாய் திரும்பவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் சேரும்போது வாத்தியார் என்னை இரண்டாந்தாரம் என்று நினைத்துக்கொண்டார். அவளுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெற்ற தாய் எப்போது இறந்தாள் என்று என்னிடமே துக்கம் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள்தான் முந்திக்கொண்டு, "இவங்கதான் என்னயப் பெத்தவங்க" என்று விளக்குவாள். விளக்கிவிட்டு, "வாங்க சின்னம்மா" என்பாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு வருஷமும் பெர்மிட் நீண்டது. ஒரு வருஷம் நீளவில்லை. முதலாளி சொன்ன பங்கு வரவேயில்லை. அவர் திரும்பி வந்தபோது நாங்கள் ஊரோடு வந்துவிட்டிருந்தோம். கருப்பட்டிக் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போனார். முன்பு போல அதிகம் பேசமாட்டார். மகளுக்கும் அவருக்கும் ஒட்டுதல் இருந்தது. கொழும்பில் அவளை அனுப்புவதற்கு முன்னால் கொஞ்ச நாள் சேர்ந்து இருந்தார்கள் அல்லவா, அது அவளுக்கு நினைவிருந்தது. சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்தால் அவள்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். இரண்டு பேரும் அந்த வளவையும், குழாயடியையும், எதிர் அறையையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நானும் அங்கே இருந்தவள்தான். ஆனால் அவர்கள் பேசுகிற நாட்களில் நான் அங்கே இல்லை.